நகராதவர்களின் விலை

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கட்டடத்தின் ஏழாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, நான் கால் வைத்தே இராத ஊர்களில் ஓடும் கார்களுக்கு இன்ஷூரன்ஸ் பிரீமியம் கணக்கிடுவதுதான் பல ஆண்டுகள் என் வேலை. லீட்ஸ், லெஸ்டர், பிராட்ஃபோர்டு எல்லாம் எனக்கு முதலில் அஞ்சல் குறியீடுகளாகத்தான் அறிமுகமாயின. எந்தத் தெருவில் கார் அதிகம் திருட்டுப் போகும், எந்தச் சந்திப்பில் பின்னால் வந்து இடிப்பார்கள் என்பது தெரியும். அந்தத் தெருவில் மரம் இருக்கிறதா என்று தெரியாது.

சேர்ந்த புதிதில் ஒருநாள் பாலிசிப் பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. ஒரே மாடல் கார், ஒரே அஞ்சல் குறியீடு, ஓட்டுநர்களுக்கு ஏறக்குறைய ஒரே வயது, இருவரும் ஐந்து ஆண்டுகளாக விபத்தே இல்லாதவர்கள். ஒருவர் கட்டியதைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கை மற்றவர் கட்டியிருந்தார். ஒரே ஒரு பத்தியில்தான் வித்தியாசம்: குறைவாகக் கட்டியவர் முதலாம் ஆண்டு வாடிக்கையாளர், கூடுதலாகக் கட்டியவர் ஒன்பதாம் ஆண்டு. தரவில் பிழை என்று நினைத்து சீனியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "தப்பு ஒண்ணும் இல்லப்பா. ரின்யூவல்ல அப்படித்தான் வரும்" என்றார்.

அந்தப் பதிலை நான் முழுதாகப் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. அதைச் சொல்ல வேண்டுமானால் பிரீமியம் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காய்கறிக்காரருக்குக் கொள்முதல் விலை காலையிலேயே தெரிந்துவிடும். இன்ஷூரன்ஸ் விற்பவருக்கு அடக்க விலை தெரிய ஓராண்டு ஆகும். சில வழக்குகளில் பத்தாண்டுகள்கூட ஆகும். எனவே அவர் அதை முன்கூட்டியே கணிக்க வேண்டும். கணிப்பின் அடிப்படை எளிது: ஓர் ஆண்டில் எத்தனை க்ளெய்ம் வரும், ஒவ்வொன்றும் எவ்வளவு தொகைக்கு வரும், இரண்டையும் பெருக்கு. ஆனால் தனி மனிதர் ஒருவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. நாளை மாலை யார் பிரேக் பிடிக்கத் தவறுவார் என்று எவராலும் சொல்ல முடியாது. கூட்டத்துக்குச் சொல்லலாம்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 1898-இல் லடிஸ்லாவ்ஸ் போர்ட்கிவிச் வெளியிட்ட அட்டவணை. பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களை அவர் எண்ணினார். 10 படைப்பிரிவுகள், 1875 முதல் 1894 வரை 20 ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். 109 பதிவுகளில் ஒரு சாவும் இல்லை. 65-இல் ஒன்று, 22-இல் இரண்டு, 3-இல் மூன்று, ஒன்றில் மட்டும் நான்கு. மொத்தம் 122 பேர், சராசரி 0.61. இந்த 0.61 என்ற ஒற்றை எண்ணைப் பாய்ஸான் என்ற கணிதரின் சூத்திரத்தில் போட்டால் 109, 66, 20, 4, 1 என்று விடை வருகிறது. குதிரையின் மனநிலை, வீரனின் கவனக்குறைவு, லாயத்தின் ஈரம் எதுவும் சூத்திரத்துக்குத் தெரியாது. இருந்தும் பொருந்துகிறது.

நான்கு பேர் இறந்த ஆண்டில் அந்தப் படைப்பிரிவின் தலைவரை யாராவது விசாரித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அட்டவணையோ, 200 பதிவுகள் இருந்தால் இப்படி ஒன்று நேர்வது இயல்பு என்கிறது. விலை நிர்ணய வேலையில் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. ஒரு ஊரில் இந்த ஆண்டு க்ளெய்ம் இரட்டிப்பானால், ஊர் மாறிவிட்டதா, வெறும் தற்செயலா என்று முதலில் கேட்க வேண்டும். காப்பீட்டுக் கணக்கு வல்லுநர்களான ஆக்சுவரிகளிடம் 1,082 என்று ஒரு பழைய எண் புழங்குகிறது. க்ளெய்ம்களின் எண்ணிக்கை பாய்ஸான் விதிப்படி நடந்தால், நாம் கண்ட எண்ணிக்கை உண்மையான சராசரியிலிருந்து 5 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்று 90 விழுக்காடு உறுதியோடு சொல்ல 1,082 க்ளெய்ம்கள் தேவை. எங்கள் பட்டியலில் பல அஞ்சல் குறியீடுகளில் பதினைந்துகூட இருக்காது. அந்தப் பதினைந்தை எவ்வளவு நம்புவது, அக்கம்பக்கத்து ஊர்களின் சராசரியை எவ்வளவு நம்புவது என்று கலப்பதில்தான் வேலையின் பாதி நுட்பம் இருக்கிறது.

மீதிப் பாதி, துப்புரவு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்த வேலையை மாடல் கட்டுவது என்று நினைக்கிறார்கள். என் நாள்களில் பெரும்பகுதி எஸ்.க்யூ.எல் எழுதி, குப்பையைப் பிரித்தெடுப்பதில் போனது. 1900 ஜனவரி 1-ஆம் தேதி பிறந்த ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பிறந்த தேதி தெரியாதபோது பழைய கணினி தானாகப் போட்ட தேதி அது. அதைக் கவனிக்காமல் விட்டால், நூறு வயது தாண்டியவர்கள் அபாரமாகக் கார் ஓட்டுகிறார்கள் என்று மாடல் முடிவுகட்டும். ஒரு பவுண்டு மதிப்பில் க்ளெய்ம்கள் வரும்; யாரோ கோப்பைத் திறந்துவைக்க மட்டும் அப்படிப் பதிந்திருப்பார்கள். மார்ச்சில் பாலிசி எடுத்து மே மாதம் ரத்து செய்தவர் இரண்டு மாதம்தான் சாலையில் நம் பொறுப்பில் இருந்தார். அவரை முழு ஆண்டாக எண்ணினால் விபத்து விகிதம் பொய்யாகக் குறையும். இந்தக் காலக்கணக்கை நாங்கள் எக்ஸ்போஷர் என்போம். புதிதாகச் சேர்பவர்கள் மாடலைப் பற்றிக் கேட்டால் நான் முதலில் எக்ஸ்போஷரைக் கணக்கிடச் சொல்வேன். அது தவறினால் பிறகு செய்யும் எந்தக் கணிதமும் காப்பாற்றாது.

இனி, ஒருவரை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது? லண்டனில் 1706-இல் தொடங்கிய அமிக்கபிள் சங்கம் ஆயுள் காப்பீட்டில் எல்லா வயதினரிடமும் ஒரே சந்தாவை வாங்கியது. ஒரே விலை என்றால் முதியவர்களுக்கு லாபம், அவர்களே திரண்டு வருவார்கள். ஆகவே 45 வயதைத் தாண்டியவர்களைச் சங்கம் சேர்க்கவே இல்லை. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியர். வயதுக்கேற்ப விலை வைத்தால் யாரையும் விலக்க வேண்டியதில்லை என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். 1757-இல் இறந்துபோனார், அவருடைய திட்டத்தின்மேல் எக்விட்டபிள் நிறுவனம் 1762-இல் எழுந்தது. ஆக்சுவரி என்ற பதவிப் பெயர் இந்தப் பொருளில் புழக்கத்துக்கு வந்ததும் அங்கேதான். மனிதர்களை வகைப்படுத்தி விலை வைப்பது கொடுமை என்று சிலர் சொல்லும்போது எனக்கு டாட்சன் நினைவுக்கு வருவார். வாசலில் நிறுத்தப்பட்டவரை உள்ளே விடுவதற்காகப் பிறந்த கணக்கு அது.

வகைகள் பெருகும்போது ஒரு பொறி இருக்கிறது. கற்பனையாக 2,000 கார்கள் என்று வைத்துக்கொள்வோம்: 1,000 சிறியவை, 1,000 பெரியவை. இளைஞர்களில் 100-க்கு 20 பேரும், மூத்தவர்களில் 100-க்கு 8 பேரும் ஓர் ஆண்டில் க்ளெய்ம் செய்கிறார்கள். காரின் அளவுக்கும் விபத்துக்கும் தொடர்பே இல்லை. ஆனால் சிறிய கார்களில் 700-ஐ இளைஞர்கள் ஓட்டுகிறார்கள், பெரியவற்றில் 300-ஐத்தான். கார்வாரியாக எண்ணினால் சிறிய காருக்கு 16.4 விழுக்காடு, பெரிய காருக்கு 11.6 விழுக்காடு என்று வரும். ஒரு பாவமும் அறியாத சிறிய கார் குற்றவாளி ஆகிவிடுகிறது. வயதுக்கு ஒரு முறை, காருக்கு ஒரு முறை என்று இரண்டு பெருக்கு எண்களையும் போட்டால், சிறிய கார் வைத்திருக்கும் இளைஞருக்கு 20-க்குப் பதில் 23-க்கு மேல் வரும். ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை.

இதைப் பிரித்துக் காட்டும் கருவி வயல்வெளியிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஜான் நெல்டரும் ராபர்ட் வெடர்பர்னும் 1972-இல் ஒரு கட்டுரையில் பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரிகளை அறிமுகப்படுத்தினார்கள். எங்கள் பேச்சில் ஜி.எல்.எம். எண்ணிக்கை, தொகை, ஆம்-இல்லை என்று எந்த வகை விடையாக இருந்தாலும், எல்லாக் காரணிகளையும் ஒரே நேரத்தில் நிறுத்திவைத்து, ஒவ்வொன்றின் சொந்தப் பங்கைத் தனித்தனியே அளக்கும் பொதுச் சட்டகம். வயது தன் பழியைத் தானே ஏற்கும், கார் விடுதலையாகும். வெடர்பர்ன் 1975-இல், 28 வயதிலேயே இறந்துவிட்டார். இன்று உலகெங்கும் கார் பாலிசிகளின் விலைக்கு அடியில் அவருடைய அந்தக் கட்டுரை இருக்கிறது.

எவ்வளவு நேர்த்தியாக அளந்தாலும், பிரீமியத்தின் ஒரு பகுதியை வெளியுலகம்தான் முடிவு செய்கிறது. 2017 பிப்ரவரி இறுதியில் பிரிட்டிஷ் அரசு ஓர் எண்ணை மாற்றுவதாக அறிவித்தது. விபத்தில் பலத்த காயமடைந்தவருக்கு எதிர்காலப் பராமரிப்புச் செலவை இன்றே மொத்தமாகக் கொடுக்கும்போது கழிக்கவேண்டிய வட்டி விகிதம் அது. 2.5 விழுக்காடாக இருந்தது மைனஸ் 0.75 ஆயிற்று. ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டு செலவில் 50 ஆண்டுகள் பராமரிக்கப்பட வேண்டிய ஓர் இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விகிதத்தில் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 28 லட்சம் பவுண்டு. புதிய விகிதத்தில் 61 லட்சம். சாலையில் எதுவும் மாறவில்லை. அதே கார்கள், அதே ஓட்டுநர்கள். அந்த வாரம் நாங்கள் யாரும் நேரத்துக்கு வீடு போகவில்லை. 2019-இல் அந்த எண்ணை மைனஸ் 0.25 ஆக்கினார்கள், மீண்டும் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டினோம்.

சட்டம் ஒரு காரணியையே எடுத்துவிடுவதும் உண்டு. பிரிட்டனில் இளம்பெண்கள் அதே வயது ஆண்களைவிடக் குறைவான பிரீமியம் கட்டிவந்தார்கள். க்ளெய்ம் கணக்கு அதை ஆதரித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2011 மார்ச் 1-ஆம் தேதி தந்த தீர்ப்பின்படி, 2012 டிசம்பர் 21 முதல் புதிய பாலிசிகளில் பாலினத்தை வைத்து விலை வேறுபடுத்தக் கூடாது. பத்தியை அழிப்பது ஒரு வரி வேலை. அதன் நிழலை அழிப்பது கடினம். தொழில், காரின் எஞ்சின் திறன் போன்ற மற்ற பத்திகளில் பாலினம் ஓரளவு ஒளிந்திருக்கும். உண்மையாகவே ஒரு காரணியைக் கைவிடுவது எப்படி என்பது இன்னும் முடியாத கேள்வி. எந்திரக் கற்றல் மாடல்கள் வந்தபின் அது இன்னும் கூர்மையாகியிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே கேள்வியின் கிளைகள்: இவருக்கு எவ்வளவு செலவாகும்? நான் இந்தத் துறைக்கு வந்தது இந்தக் கேள்வியின் அழகுக்காகத்தான். ஆனால் ப்ரைசிங் டீமில் இரண்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது: இவர் எவ்வளவு வரை தாங்குவார்?

புதுப்பிப்பு நோட்டீஸ் அனுப்பும்போது சிலருக்கு விலையை 3 விழுக்காடு கூட்டியும் சிலருக்குக் குறைத்தும் அனுப்பிப் பார்ப்பார்கள். யார் விலகினார்கள், யார் பேசாமல் கட்டினார்கள் என்று பதிவாகும். அதன்மேல் ஒரு மாடல். விடை ஆம்-இல்லை வகை என்பதால் அதற்கும் ஜி.எல்.எம் போதும். ஆர் மென்பொருளில் எழுதும்போது, பாய்ஸான் என்றிருந்த இடத்தில் பைனாமியல் என்று மாற்றுகிறோம். வயது, அஞ்சல் குறியீடு, எத்தனையாவது ஆண்டு என்று அதே பத்திகள், அதே தரவு, அதே மனிதர்கள். முதல் மாடல் அவரால் நிறுவனத்துக்கு ஆகும் செலவை அளந்தது. இரண்டாவது, அவர் கவனிக்கமாட்டார் என்பதை அளக்கிறது.

பிரிட்டனில் விலை ஒப்பிடும் இணையதளங்களில் முதலிடத்தில் நின்றால்தான் புதியவர்கள் வருவார்கள். அதனால் முதல் ஆண்டு அடக்க விலைக்கும் கீழே கொடுப்பது வழக்கமாயிற்று. அங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது: பத்து நிறுவனங்கள் ஒரே ஆளுக்கு விலை சொன்னால், மிகக் குறைவாகச் சொன்னது பெரும்பாலும் அவருடைய ஆபத்தை மிகக் குறைவாக மதிப்பிட்டுத் தவறியதுதான். வென்றவருக்கு நட்டம். அந்த நட்டத்தை ஈடுகட்ட, இருப்பவர்களிடம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். 300 பவுண்டு செலவாகக்கூடியவர் என்றால் முதல் ஆண்டு 260, பிறகு 290, 330, 370 என்று படி ஏறும். தொழிலில் இதற்கு விலை நடை என்றே பெயர். ஒப்பிட்டுப் பார்த்து வேறிடம் போகிறவர் திரும்பவும் 260-க்குப் போய்விடுவார். போகாதவர்தான் அவருக்கும் சேர்த்துக் கட்டினார்.

என் பட்டியலின் அந்த ஒன்பதாம் ஆண்டு வாடிக்கையாளர் கட்டிய கூடுதல் தொகை இதுதான். விபத்தோ ஊரோ காரோ காரணம் இல்லை. அவர் நகரவில்லை. ஒருநாள் ஒன்பது ஆண்டுகளைத் தாண்டியவர்களை மட்டும் வடிகட்டி அவர்களுடைய பிறந்த ஆண்டுகளைப் பார்த்தேன். பெரும்பாலும் என் அப்பாவுக்கும் மூத்தவர்கள். அந்த மாடலைக் கட்டியதில் என் கையும் உண்டு. அதன் துல்லியத்தைக் கூட்டியதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். இன்று அதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. துல்லியம் எதைப் பற்றியது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கேட்டது வேறு சிலர். 2018 செப்டம்பரில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பு, வீட்டுக் காப்பீடு, வீட்டுக் கடன், சேமிப்புக் கணக்கு, மொபைல், பிராட்பேண்ட் ஆகிய ஐந்து சந்தைகளில் நிலைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கு 410 கோடி பவுண்டு கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்று போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ, வீட்டு, வாகனக் காப்பீட்டுச் சந்தையை ஆராய்ந்தது. தங்கள் ஆபத்துக்கு உரிய சராசரி விலையைக் கட்டியிருந்தால், 60 லட்சம் பாலிசிதாரர்கள் 2018-இல் 120 கோடி பவுண்டு மிச்சப்படுத்தியிருப்பார்கள் என்று கண்டது. 2022 ஜனவரி 1 முதல் விதி வந்தது: அதே வழியாக அன்று புதிதாக வருபவருக்கு என்ன விலையோ, அதற்கு மேல் பழையவரிடம் புதுப்பிப்பில் கேட்கக் கூடாது.

நாங்கள் ஆறு மாதம் முன்பிருந்தே மாடல்களைத் திரும்பக் கட்டினோம். புதியவர்களுக்குத் தந்த ஆழமான தள்ளுபடிகள் மறைந்தன. ஆண்டுதோறும் நிறுவனம் மாறிவந்தவர்கள் புலம்பினார்கள். அவர்கள் புலம்பலில் நியாயம் உண்டு, அலைந்து தேடிப் பெற்ற பலன் அது. ஆனாலும் அந்த விதி சரி என்றே நான் உறுதியாக நம்புகிறேன். தேட முடியாதவரின் பணத்திலிருந்து தேடுபவருக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இந்தியாவில் நமக்கு இது வேறு வடிவத்தில் பழக்கம். வாகனக் காப்பீட்டில் மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசே அறிவிக்கிறது; நம் சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதியில்தான் 2007 முதல் நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. நகராதவரின் விலையை இங்கே பார்க்க வேண்டுமானால் வீட்டுக் கடனைப் பார்க்க வேண்டும். 2010 ஜூலையில் பேஸ் ரேட், 2016 ஏப்ரலில் எம்.சி.எல்.ஆர் என்று வட்டி நிர்ணய முறையை ரிசர்வ் வங்கி மாற்றிக்கொண்டே வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம்: வங்கிகளுக்குத் தான் கடன் தரும் ரெப்போ விகிதம் குறையும்போது அந்தக் குறைவு பழைய கடன்காரர்களைப் போய்ச் சேரவில்லை. 2019 அக்டோபர் 1 முதல், மாறும் வட்டியில் தரும் புதிய வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டச் சொன்னது. 2019 பிப்ரவரிக்கும் 2020 மே மாதத்துக்கும் இடையே ரெப்போ 6.5-இலிருந்து 4 விழுக்காடாக இறங்கியது. புதுக் கடன்களில் வட்டி கூடவே இறங்கியது. பழைய முறையில் இருந்தவர்கள் தாங்களே கேட்டு மாறிக்கொள்ள வேண்டும்.

என் அப்பா 2012-இல் வாங்கிய கடன் அப்போதும் பேஸ் ரேட்டிலேயே கிடந்தது. 2020 கடைசியில் தற்செயலாக அவருடைய கணக்கு அறிக்கையைப் பார்த்தேன். புதிதாகக் கடன் வாங்குபவரைவிட ஒரு விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் வட்டி. இருவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு கிளைக்குப் போனோம். ஒரு பக்க விண்ணப்பம், சிறிய கட்டணம், பதினைந்து நிமிடம்.

வெளியே வந்ததும் கேட்டார், "அவங்களே குறைச்சிருக்கலாமே, ஏம்ப்பா குறைக்கல?"

"நாம கேக்கலப்பா."

"கேக்கணும்னு யாரு சொன்னா?"

வீட்டுக்கு வந்து பழைய பாஸ்புக்குகளை எல்லாம் எடுத்து மேசைமேல் அடுக்கினார். இதுவரை எவ்வளவு கூடப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொன்னார். மாதவாரியாகப் போட்டேன். அவருடைய இரண்டு மாத ஓய்வூதியத்துக்குச் சற்று மேலே வந்தது. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, நான்காக மடித்து, கடைசி பாஸ்புக்கின் உறைக்குள் வைத்தார்.